இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார், ஒரு ஞாயிறு: தெஹிவளை மீன் காட்சியகத்துக்குப் போய்வருவது பற்றி

மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமானது. ஒன்பது வயது மகன், நான்கு வயது மகள், முழங்கால் வலியுள்ள மாமியார் ஆகியோருடன் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொழும்பை அடுத்த தெஹிவளைக்குப் போய், மிருகக்காட்சிசாலையில் உள்ள மீன் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, இரவுக்குள் வீடு திரும்ப முடியுமா, அதற்கு எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று கேட்கிறார். கேள்வியின் கீழே மூன்று விடயங்களையும் சேர்த்திருக்கிறார். பிள்ளைகள் இருவரும் இதுவரை கடலைக் கண்டதில்லை. வெள்ளவத்தையில் புடவைக் கடையொன்றில் வேலை செய்யும் தம்பிக்கு அங்கே ஓர் அறை உண்டு. "மீனைக் கண்ணாடிக்குள் அடைத்து வைப்பது பாவமில்லையா அம்மா" என்று மகன் கேட்டபோது தமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இவற்றைச் சேர்த்து வாசிக்கும்போது அவர் கேட்பது நேரத்தை மட்டும் அல்ல என்றே எனக்குப் படுகிறது. பல மாதங்களாகச் சேர்த்த பணத்தைச் செலவழித்துப் போகும் இந்த ஒரு பயணம் பிள்ளைகளின் மனதில் நிற்குமா, அல்லது வாந்தியும் அழுகையுமாக முடிந்துவிடுமா என்பதே அவருடைய கவலை. அந்தக் கவலைக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் பேராதனையில் விலங்கியல் படித்து, பின்னர் ஹட்டன் கல்வி வலயத்தில் இருபத்தாறு ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன். அந்த ஆண்டுகளில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பத்துத் தடவைக்கு மேல் தெஹிவளைக்குக் கூட்டிச் சென்றிருக்கிறேன். முதல் தடவை நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு நாற்பத்தெட்டுப் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். கினிகத்தேனைக்கும் கித்துல்கலைக்கும் இடைப்பட்ட வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். காலையில் போய் இறங்கியதும் யானை, சிங்கம், குரங்கு என்று வெயிலில் ஓடினார்கள். பிற்பகல் மூன்று மணிக்குத்தான் மீன் காட்சியகத்துக்குள் நுழைந்தோம். இருட்டும் குளிர்ச்சியுமான அந்த இடத்தில் பிள்ளைகள் சுவரோரமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிப் போனார்கள். அடுத்த நாள் வகுப்பில் என்னென்ன மீன் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒரு மீனின் பெயரைக்கூட ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பிழை பிள்ளைகளுடையது அல்ல, திட்டம் போட்ட என்னுடையது. அதற்குப் பிறகு நான் போட்ட திட்டங்கள் எல்லாம் அந்த ஒரு நாளைத் திருத்துவதற்காகவே போடப்பட்டவை.

எனவே உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: ஒரே நாளில் போய்வர முடியும், ஆனால் நான்கு வயதுப் பிள்ளையோடும் முழங்கால் வலியோடும் அதைச் செய்ய வேண்டாம். போக ஐந்து, வர ஐந்து என்று பத்து மணித்தியாலத்துக்கு மேல் வீதியில் இருந்துவிட்டு, நடுவில் கிடைக்கும் மூன்று மணித்தியாலத்தில் ஒரு சிறு பிள்ளை எதையும் கவனித்துப் பார்க்காது. தம்பியின் அறை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் உள்ள பெரிய வசதி அதுதான். சனிக்கிழமை பகலில் இறங்கி, இரவு வெள்ளவத்தையில் நன்றாகத் தூங்கி, ஞாயிறு காலை புதிய உடம்போடு காட்சியகத்துக்குள் நுழையுங்கள். இதனால் சனிக்கிழமையின் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அரைப் பேருக்கும் முழுப் பேருக்கும் உள்ள வித்தியாசத்தை மாதக் கடைசியில் எண்ணிப் பார்க்கும் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் பயணச் செலவு முழுவதையும் போட்டுவிட்டு அதன் பலனை இழப்பதைவிட, அந்த ஒரு பேரை இழப்பது குறைந்த நட்டம் என்றே நினைக்கிறேன்.

போகும் வழி இரண்டு. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியாகப் போகும் பஸ்ஸுக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தூரம். நாவலப்பிட்டி, பேராதனை, கடுகண்ணாவை என்று சுற்றிப் போகும் புகையிரதத்துக்குத் தூரமும் அதிகம், நேரமும் சற்று அதிகம். ஆனாலும் பிள்ளைகளோடு இறங்குவதற்குப் புகையிரதமே நல்லது. எழுந்து நிற்கலாம், மாமியார் காலை நீட்டிக்கொள்ளலாம், கழிவறை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக வாந்தி குறைவு. கண் அசையாத இருக்கையைப் பார்த்துக்கொண்டிருக்க, உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு வளைவுகளை உணர்வதால், இரண்டு செய்திகளும் ஒத்துப்போகாமல்தான் குமட்டல் வருகிறது. அதனால் சன்னலோரம் உட்காரவைத்து தூரத்து மலையைப் பார்க்கச் சொன்னால் பிள்ளைக்கு உண்மையிலேயே குறையும். மழைக் காலத்தில் மண் சரிந்தால் மலையகப் பாதை நாட்கணக்கிலும், சில வேளை அதைவிட நீண்ட காலத்துக்கும் மூடப்படும். ஆகவே புறப்படும் வாரத்தில் ஹட்டன் நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்; சென்ற வருடம் போனவர் சொல்லும் நேரத்தை நம்ப வேண்டாம். பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றால் முன்பக்க இருக்கை, வயிறு முட்டாத சாப்பாடு, கையில் இரண்டு பொலித்தீன் பைகள் என்று ஆயத்தமாகுங்கள். வாந்தி மாத்திரையை நான்கு வயதுப் பிள்ளைக்குக் கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்காமல், அளவைத் தோட்ட மருந்தகத்தில் கேட்டுக் கொடுங்கள்.

ஹட்டன் நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,260 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காலையில் சுவெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. அதே நாள் பிற்பகலில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கும்போது முப்பது பாகைக்கு மேல் வெயிலும் புழுக்கமும் இருக்கும். நமது பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் பழக்கமில்லை. மெல்லிய பருத்திச் சட்டையின் மேல் சுவெட்டரைப் போட்டு, நாவலப்பிட்டி தாண்டியதும் கழற்றி மடித்து வைத்துவிடுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். நான் கூட்டிச் சென்ற பிள்ளைகளில் மயங்கி விழுந்த இருவரும் நடந்து களைத்தவர்கள் அல்ல. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள்.

மாதத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை நமது பக்கத்திலும் கொழும்பிலும் மழை குறைவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை நோர்வூட்டையும் மஸ்கெலியாவையும் நனைத்துக்கொண்டே இருக்கும். மேற்குக் கடலும் அப்போது கொந்தளிப்பாக இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் சிவனொளிபாதமலைப் பருவத்துக்குள் விழுகிறதே, பஸ்ஸும் புகையிரதமும் நிரம்பி வழியுமே என்று நீங்கள் எண்ணலாம். போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளைத் தவிர்த்துவிட்டால் அது அவ்வளவு இடைஞ்சல் அல்ல. யாத்திரிகர் கூட்டம் சனிக்கிழமை மாலை மேலே ஏறி ஞாயிறு பகல் கீழே இறங்குகிறது. நீங்கள் சனிக்கிழமை காலையில் இறங்கி ஞாயிறு பிற்பகலில் ஏறுகிறீர்கள். அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவதால் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும். ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் பாடசாலை விடுமுறைகளைத் தவிர்த்துக்கொள்வது நல்லது. அந்த வாரங்களில் தொட்டிக்கு முன்னால் நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் முதுகுதான் தெரியும்.

ஞாயிறு காலை நேராகக் காட்சியகத்துக்குப் போகாதீர்கள். முதலில் கடலைக் காட்டுங்கள். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் எந்த ஒழுங்கையிலும் சில நிமிடம் நடந்தால் புகையிரதப் பாதை வரும். அதற்கு அப்பால் பாறைகளும் கடலும். பாதையைக் கடக்கும்போது பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அலைச் சத்தத்தில் வண்டி வருவது கேட்காது. நீரில் இறங்கவும் விட வேண்டாம். அரை மணித்தியாலம் நின்று பார்த்தாலே போதும். கடலைக் காணாத பிள்ளைக்குத் தொட்டியில் இருக்கும் சுறாவும் திருக்கையும் தொலைக்காட்சியில் பார்த்த படத்தைப் போன்றவைதான். அந்த நீலத்தின் அகலத்தைக் கண்டபின், உப்புக் காற்றை நாக்கில் உணர்ந்தபின், அதே மீன் கண்ணாடிக்குப் பின்னால் வரும்போது அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்கே தெரியும். அடைத்து வைப்பதைப் பற்றிய மகனின் கேள்வியும் அப்போதுதான் சரியான இடத்தில் எழும்.

மிருகக்காட்சிசாலை 1936இல் அரசின் பொறுப்புக்கு வந்தது. பழைய இடம், மேடும் பள்ளமுமாக நடை அதிகம். வழக்கமாகக் காலை எட்டரைக்குக் கதவு திறக்கும். கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறுபவை, சில தொட்டிகள் திருத்த வேலைக்காக மூடப்பட்டிருப்பதும் உண்டு. எனவே முந்திய வாரமே தம்பியை ஒரு தடவை வாசலுக்கு அனுப்பி, கட்டணப் பலகையையும் மீன் காட்சியகம் திறந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவரச் சொல்லுங்கள். வெள்ளவத்தையிலிருந்து நான்கு பேரும் ஒரு முச்சக்கரவண்டியில் வாசல் வரை போய்விடலாம். மாமியாரின் முழங்காலை எண்ணினால் அந்தச் செலவு வீண் அல்ல. உள்ளே நுழைந்ததும் மற்ற விலங்குகளைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு முதலில் மீன்களிடம் போங்கள். யானையைக் களைத்த கண்ணாலும் பார்க்கலாம், ஏனென்றால் அது பெரியது. மீனைப் பார்க்கப் பொறுமை வேண்டும், அந்தப் பொறுமை பிள்ளைகளிடம் காலையில் மட்டுமே இருக்கும். மற்ற விலங்குகள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். மாமியாரை நிழலுள்ள ஓர் இருக்கையில் உட்காரவைத்து, பிள்ளைகள் கேட்கும் இரண்டு மூன்று விலங்குகளை மட்டும் காட்டினால் போதும்.

வெளியே வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தொட்டிக்குள் மட்டும் விளக்கு எரிவதால், பார்ப்பவர்கள் நிற்கும் பக்கம் இருட்டாகத்தான் இருக்கும். சின்ன மகள் பயப்படலாம். தூக்கிக்கொண்டு வாசலருகே சில நிமிடம் நில்லுங்கள், கண் பழகிவிடும். பிறகு எல்லாத் தொட்டிகளையும் வரிசையாகச் சுற்றி வராதீர்கள். ஒரு தடவை மெதுவாக நடந்துவிட்டு, பிள்ளைகள் எந்தத் தொட்டியில் தாமாக நின்றார்களோ அங்கே திரும்பி வந்து பத்து நிமிடம், இயலுமானால் அதற்கு மேலும் நில்லுங்கள். இருபது தொட்டிகளை ஓட்டமாகப் பார்த்த பிள்ளைக்கு நிறம் மட்டும் நினைவிருக்கும். ஒரே தொட்டியை நின்று பார்த்த பிள்ளைக்கு ஒரு உயிரின் நடத்தை நினைவிருக்கும்.

இதற்கு ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பாம்பு போல நீண்ட அஞ்சாலை மீன் இருந்த தொட்டியின் முன் நின்றாள். பாறை இடுக்கிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, அது வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள், கடிக்க வருகிறது என்று கத்திக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். அவள் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "சேர், இது கோபப்படல்ல, மூச்சு வாங்குது" என்றாள். தன் மூச்சையும் அந்த மீனின் வாயசைவையும் அவள் சேர்த்து எண்ணியிருக்கிறாள். அவள் சொன்னது முழுக்க உண்மை. அஞ்சாலை வாயைத் திறந்து நீரை உள்ளே எடுத்து, தலைக்குப் பின்னால் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியே விடுகிறது. அது மிரட்டல் அல்ல, சுவாசம். பாடப் புத்தகத்தில் செவுளைப் பற்றி நான் நடத்திய பாடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது.

உங்கள் பிள்ளைகளிடமும் பெயரைக் கேட்காதீர்கள், "இது என்ன செய்கிறது" என்று கேளுங்கள். கடற்குதிரை இருந்தால், அது வாலால் எதைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த இனத்தில் முட்டைகளை வயிற்றுப் பையில் சுமப்பது ஆண் என்று சொன்னால் மகன் நம்ப மறுப்பான், ஆனால் உண்மை அதுதான். கோமாளி மீன், பூப்போலத் தோன்றும் கடல் விலங்கான கடற்சாமந்தியின் நச்சுக் கைகளுக்குள் பயமில்லாமல் புகுந்து வரும். பேத்தை மீனை ஊதவைக்க வேண்டும் என்று பிள்ளைகள் விரும்புவார்கள். அது நீரை விழுங்கி உப்புவது உயிருக்குப் பயந்தபோது மட்டும், எனவே ஊதாமல் இருக்கும் பேத்தையே சுகமாக இருக்கும் பேத்தை. சுறா நீந்துவதை நிறுத்தினால் செத்துவிடும் என்று யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். சில இனங்களுக்கு மட்டுமே அது பொருந்தும்; அடியில் படுத்து, வாயால் நீரை இழுத்துச் சுவாசிக்கும் சுறாக்களும் உண்டு. கண்ணாடியில் தட்டக் கூடாது என்பதற்கும் காரணம் சொல்லிவிடுங்கள். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்தில் போகிறது, நீரிலோ 1,500 மீற்றர். அதோடு மீனுக்கு உடம்பின் இரு பக்கத்திலும் நீரின் அதிர்வை உணரும் கோடு ஒன்று இருக்கிறது. நாம் விரலால் தட்டுவது அதன் உடம்பு முழுவதிலும் விழும் தட்டு. கைபேசியின் பளிச்சிடும் விளக்கும் வேண்டாம். பெரும்பாலான மீன்களுக்குக் கண்ணை மூட இமை கிடையாது.

மகனுக்கு ஒன்பது வயது; அவனிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. இத்தனை மீன்களும் இந்தத் தொட்டியிலேயே கழிவையும் விடுகின்றன, பிறகு எப்படி நீர் தெளிவாக இருக்கிறது? மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா கொஞ்சம் கூடினாலும் மீனைக் கொன்றுவிடும். வடிகட்டியின் கற்களிலும் பஞ்சிலும் குடியிருக்கும் பக்டீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும் பின்னர் நச்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. மிஞ்சியதை நீர்த் தாவரங்கள் எடுத்துக்கொள்ளும், அல்லது பகுதி நீரை மாற்றி அகற்றுவார்கள். கடல் மீன் தொட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால், நீர் ஆவியாகும்போது உப்பு கூடிவிடாமல் நன்னீர் சேர்த்துச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். மீனும் தாவரமும் ஒன்றையொன்று தாங்கும்படி நீரைச் சமநிலையில் வைக்கலாம் என்பதை மனிதர்கள் 1850களில்தான் சரியாகப் புரிந்துகொண்டார்கள். பொதுமக்கள் பார்ப்பதற்கான முதல் மீன் காட்சியகம் இலண்டன் மிருகக்காட்சிசாலையில் 1853இல் திறந்தது. தொட்டியின் பின்பக்கத்தில் குழாயோ குமிழியோ எங்கே தெரிகிறது என்று மகனைத் தேடச் சொல்லுங்கள். என் மாணவர்களில் சிலருக்கு மீனைவிட அந்தக் குழாய்தான் பிடித்துப் போனது.

போவதற்கு முந்திய வாரம் செய்ய வேண்டிய ஒன்று, செலவே இல்லாதது. உங்கள் தோட்டத்திலிருந்து காசல்ரீ நீர்த்தேக்கம் தெரியும் என்று நினைக்கிறேன். அதில் சேரும் கெஹெல்கமு ஓயாவின் நீர்தான் நோர்ட்டனிலும் லக்‌ஷபானவிலும் மின்சாரம் தந்துவிட்டு, மவுஸ்ஸாக்கலைப் பக்கத்து மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிக் கொழும்பின் வடக்கே கடலில் விழுகிறது. பிள்ளைகளை ஓடைக் கரையில் உட்காரவைத்து, இந்தத் தண்ணீர் போகும் இடத்துக்குத்தான் நாமும் போகிறோம் என்று சொல்லுங்கள். ஓடையில் என்ன மீன் இருக்கிறது, எந்தப் பக்கம் தலையை வைத்து நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காட்சியகத்தில் நன்னீர்த் தொட்டிகளைப் பெரும்பாலோர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம், ஏனென்றால் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வாழும் சிறு மீன்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றைச் சிங்களத்தில் புலத் ஹப்பயா என்பார்கள், வெற்றிலை மெல்பவன் என்று பொருள். ஆண் மீனின் முன்பாதி வெற்றிலை போட்ட வாயைப் போலச் சிவந்திருக்கும். களனி முதல் நில்வளை வரையான ஆறுகளின் நிழலான ஓடைகளே அதன் சொந்த ஊர். அந்த மீனை எந்தத் தொட்டியிலாவது கண்டால் மாமியாருக்கும் காட்டுங்கள். பெயரைச் சொன்னால் அவரும் நின்று பார்ப்பார்.

இனி மகனின் கேள்வி. அவனுக்குப் பொய் சொல்லாமல் பதில் சொல்லலாம், அதற்கு நிச்சயமானதையும் நிச்சயமில்லாததையும் பிரித்துக்கொள்ள வேண்டும். மீனின் உடம்பில் காயத்தை உணரும் நரம்புகள் இருப்பது நிச்சயம். 2003இல் ஸ்கொட்லாந்தில் ரெயின்போ ட்ரவுட் மீன்களின் உதட்டில் தேனீயின் நஞ்சையும் காடியின் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். அவை உடம்பை ஆட்டின, அமிலம் செலுத்தப்பட்டவை உதட்டைக் கற்களில் தேய்த்தன, வெகு நேரம் இரை எடுக்கவில்லை. நுவரெலியா ஓடைகளில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டும் இதே இனந்தான். ஆனால் அந்த வலியை மீன் நம்மைப் போல மனதால் அனுபவிக்கிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. என் சொந்த நிலைப்பாட்டைக் கேட்டால், பாறை இடுக்கிலேயே வாழ்நாளைக் கழிக்கும் அஞ்சாலைக்கும் சிறு பரப்பில் வாழும் கோமாளி மீனுக்கும் நல்ல தொட்டி கொடுமை அல்ல என்பேன். கடல் முழுவதும் திரியும் பெரிய மீன்களுக்கும் ஆமைக்கும் அப்படிச் சொல்ல என் மனம் இடம் தராது. உலகில் உள்ள ஏழு கடலாமை இனங்களில் ஐந்து நமது கரைகளில் முட்டையிடுகின்றன. அவற்றில் ஒன்றையும் நேரில் காணாமலே பெரும்பாலான மலையகத்துப் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். பார்த்தால்தான் காப்பாற்றத் தோன்றும் என்பது ஒரு பக்கம், பார்ப்பதற்காக அடைப்பது இன்னொரு பக்கம். இரண்டையும் அவனிடம் அப்படியே சொல்லுங்கள். எந்த மீன் சுகமாக இருக்கிறது, எது ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது என்று அவனே பார்த்து முடிவு சொல்லட்டும். ஒன்பது வயதில் அதற்கு முடியும்.

திரும்பும்போது வழியில் மீன் விற்கும் கடையைக் கண்டால் பிள்ளைகள் கேட்பார்கள் என்பது உறுதி. அந்தப் பயணத்தில் வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. பொலித்தீன் பையில் ஆறேழு மணித்தியாலம், அதுவும் வெப்பத்திலிருந்து குளிருக்கு ஏறும் வழியில், கப்பி மீன் தாங்கினாலும் நமது இராக் குளிரில் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அறையில் பலவீனப்பட்டுவிடும். குளிரைத் தாங்கும் மீன் வேண்டும் என்றால் பொன்மீனைப் பிறகு ஹட்டனிலேயே வாங்கலாம். குளோரின் கலந்த குழாய் நீராக இருந்தால் அகலமான பாத்திரத்தில் ஒரு நாளுக்கு மேல் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், பையைத் தொட்டி நீரில் கால் மணித்தியாலம் மிதக்கவிட்டு வெப்பம் ஒத்துவந்த பிறகு மீனை விடுங்கள். வளர்க்க முடியாமல் போனால் எந்தக் காரணத்துக்காகவும் ஓடையில் விடாதீர்கள். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் டேங்க் கிளீனர் மீன் இப்படி விடப்பட்டே நமது நீர்த்தேக்கங்களில் பெருகி, உள்ளூர் மீன்களுக்குத் தொல்லையாகியிருக்கிறது.

சாப்பாட்டுக்குக் காலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு போகலாம்; விலங்குகளுக்கோ மீன்களுக்கோ அதில் ஒரு துண்டும் போடக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். பகல் உணவுக்கு வெள்ளவத்தைக்கே திரும்பிவிட்டால் சைவக் கடைகள் இருக்கின்றன, தம்பியின் அறையில் மாமியார் ஒரு மணித்தியாலம் படுத்து எழும்பவும் முடியும். பதினொன்றரைக்கு மிருகக்காட்சிசாலையை விட்டு வெளியே வந்தால், சாப்பிட்டு ஓய்வெடுத்து இரண்டு மணிக்கு முன்னதாகக் கொழும்புப் புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறலாம். கினிகத்தேனை வளைவுகளைப் பொழுது இருக்கும்போதே கடந்துவிட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணக்கு, மாலைக்குப் பிறகு அங்கே பனிமூட்டம் இறங்கிவிடும். ஹட்டனில் இறங்கும்போது நோர்வூட் பஸ் எத்தனை மணி வரை ஓடும் என்பதைச் சனிக்கிழமை போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுவெட்டர்களைப் பையின் அடியில் போட்டுவிடாமல் மேலாகவே வையுங்கள். எட்டியாந்தோட்டை தாண்டும்போது பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், எழுப்பாமல் போர்த்திவிட அவை கைக்கு எட்ட வேண்டும்.